பல்கலைக்கழகத்தின் பத்தாண்டு புள்ளிவிவர அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் மகள் இளநிலைப் படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். முடிந்தால் பிறகு அங்கேயே முனைவர் பட்டமும் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. 2014 முதல் 2024 வரையிலான புள்ளிவிவர அறிக்கையை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், அதை இணைத்திருக்கிறேன். மாணவர்கள் 12,000 பேரிலிருந்து 18,000 ஆகியிருக்கிறார்கள். ஆண்டுக்கு வழங்கும் பட்டங்கள் 3,000-லிருந்து 3,600. ஆராய்ச்சி நிதி இரண்டு மடங்கு. பணியாளர்கள் 1,500-லிருந்து 2,100. எல்லாமே ஏறுமுகமாக இருக்கிறது. இதை நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: நீங்கள் எடுத்துக் காட்டிய நான்கு எண்களும் அறிக்கையின் முதல் பக்கத்தில் இருப்பவை. முதல் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதை எந்தப் பல்கலைக்கழகத்திலும் மக்கள் தொடர்புப் பிரிவுதான் முடிவு செய்யும். பொய் எண்ணைப் போடமாட்டார்கள், அழகான எண்ணைப் போடுவார்கள். நல்லவேளையாக இவர்கள் பின்னிணைப்பில் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டியது அங்கேதான்.

ஒவ்வொரு எண்ணும் ஏறியிருக்கிறதா என்று தனித்தனியே பார்ப்பதில் பயனில்லை. பத்தாண்டில் ஏறாத எண் அபூர்வம். ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பார்த்தால்தான் உங்கள் மகளுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று தெரியும்.

மாணவர் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். 12,000, 18,000 என்பதெல்லாம் தலைக்கணக்கு. வாரம் முழுக்க வகுப்புக்கு வருபவரும் ஒன்று, ஒரே ஒரு ஆன்லைன் பாடத்துக்குப் பதிவு செய்தவரும் ஒன்று. பின்னிணைப்பில் பாருங்கள்: 2014-ல் முழுநேர மாணவர் 11,000, பகுதிநேரத்தார் 1,000. 2024-ல் முழுநேரத்தார் 12,500, பகுதிநேரத்தார் 5,500. அதாவது, கூடிய 6,000 பேரில் 4,500 பேர் பகுதிநேரத்தார். அமெரிக்கக் கல்லூரிகள் மாணவர்–ஆசிரியர் விகிதம் போடும்போது மூன்று பகுதிநேர மாணவர்களை ஒரு முழுநேர மாணவராக எடுத்துக்கொள்வது வழக்கம். தோராயமான முறைதான், ஆனால் நம் வேலைக்குப் போதும். அப்படிப் போட்டால் 2014-ல் 11,333, 2024-ல் 14,333. முதல் பக்கத்தில் 50 சதவீதமாக இருந்த வளர்ச்சி இங்கே 26 சதவீதம் ஆகிவிடுகிறது.

இதில் தவறு ஒன்றும் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் கதவைத் திறப்பது நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் மகள் சேரப்போவது முழுநேரப் படிப்பில். அவளுக்குப் பொருந்தும் வளர்ச்சி 11,000-லிருந்து 12,500, ஏறத்தாழ 14 சதவீதம்.

சேர்க்கை அட்டவணையில் ஏதாவது ஓர் ஆண்டில் எண் திடீரென்று தாவியிருந்தால் அடிக்குறிப்பைத் தேடுங்கள். பெரும்பாலும் அந்த ஆண்டில் வேறொரு நிறுவனம் இதோடு இணைந்திருக்கும், அல்லது எண்ணும் முறை மாறியிருக்கும். 2004-ல் மான்செஸ்டரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒன்றாக இணைந்தன. அந்த ஆண்டின் தாவலை வளர்ச்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கல்வியாண்டின் ஒரு குறிப்பிட்ட நாளில் எத்தனை பேர் என்று எண்ணுவது ஒரு வகை, ஆண்டு முழுவதும் எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று எண்ணுவது இன்னொரு வகை. இரண்டாவதில் எண் எப்போதும் பெரிதாகவே வரும், ஏனென்றால் சேர்ந்து இரண்டு மாதத்தில் போனவர்களும் அதில் இருப்பார்கள்.

அதேபோல், எண் இறங்கினால் நிலைமை மோசம் என்றும் அர்த்தமில்லை. அமெரிக்காவில் இளநிலை மாணவர்கள் 2010-ல் சுமார் 1.81 கோடி பேர், 2021-ல் சுமார் 1.54 கோடி. 2008 பொருளாதார நெருக்கடியில் வேலை கிடைக்காமல் கல்லூரிக்கு வந்த கூட்டம், வேலைச் சந்தை சரியானதும் குறைந்ததே இந்தச் சரிவுக்கு முக்கியமான ஒரு காரணம். கடைசியில் கொரோனாவும் சேர்ந்துகொண்டது. எனவே ஒரு பல்கலைக்கழகத்தின் எண்ணிக்கையை அந்த நாட்டின் மொத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து பட்டங்கள். மாணவர்கள் 50 சதவீதம் கூடியபோது பட்டங்கள் 20 சதவீதம்தான் கூடியிருக்கின்றன, பாதியில் நிற்பவர்கள் அதிகமோ என்று சந்தேகம் வரலாம். அவசரப்பட வேண்டாம். இந்த ஆண்டு இளநிலைப் பட்டம் வாங்குபவர் நான்காண்டு முன்பு சேர்ந்தவர், முனைவர் பட்டம் என்றால் ஐந்தாறு ஆண்டு முன்பு. அதனால் 2024-ன் இளநிலைப் பட்டங்களை 2024-ன் சேர்க்கையோடு ஒப்பிடக் கூடாது. 2020-ல் முதலாண்டில் சேர்ந்தவர்களோடு ஒப்பிட வேண்டும். பகுதிநேரத்தார் இன்னும் மெதுவாக முடிப்பார்கள், பலர் சான்றிதழோடு நிறுத்திக்கொள்வார்கள், அது பட்டக் கணக்கில் வராது.

எனக்கு உறுத்தியது வேறு. 3,600 பட்டங்களைப் பிரித்தால் இளநிலை 2,200-லிருந்து 2,300, முதுநிலை 700-லிருந்து 1,170, முனைவர் 100-லிருந்து 130. கூடிய 600 பட்டங்களில் 470 முதுநிலை. கட்டணம் வாங்கி ஒன்றிரண்டு ஆண்டில் முடித்து அனுப்பும் முதுநிலைப் படிப்புகளைப் பெருக்குவது இன்று பல நாடுகளில் பல்கலைக்கழகங்கள் வருமானத்துக்குக் கையாளும் வழி. இளநிலைப் பக்கம் பெரிய மாற்றம் இல்லை.

‘பட்டம் முடிக்கும் விகிதம்’ என்று தனியாக ஓர் எண் கொடுத்திருந்தால் அதன் வரையறையையும் கேளுங்கள். அமெரிக்காவில் 1990-ல் வந்த சட்டப்படி, நான்காண்டுப் படிப்பை ஆறாண்டுக்குள் முடித்தாலும் முடித்த கணக்குதான். அதுவும் முதன்முறையாகக் கல்லூரியில் முழுநேரம் சேர்ந்தவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. வேறு கல்லூரிக்கு மாறி அங்கே பட்டம் வாங்கியவர், பழைய கல்லூரியின் கணக்கில் முடிக்காதவர்.

ஆராய்ச்சி நிதி இரண்டு மடங்கு என்பதில் முதலில் விலைவாசியைக் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றம் என்று வைத்துக்கொண்டால் பத்தாண்டில் விலை 1.63 மடங்கு. இரண்டை அதால் வகுத்தால் உண்மையான ஏற்றம் 23 சதவீதம்தான். உங்கள் நாட்டின் விலைவாசிக் குறியீட்டை எடுத்து நீங்களே சரியாகப் போட்டுக்கொள்ளலாம். பிறகு, அது ஒப்புதல் ஆன தொகையா, செலவான தொகையா என்று பாருங்கள். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்ததும் மொத்தத் தொகையையும் அந்த ஓர் ஆண்டில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. செலவுக் கணக்குதான் நம்பகமானது. அதிலும் ஒரு பகுதி பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணமாக இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் ஏறத்தாழ கால் பங்கு அப்படிப்பட்டதுதான்.

ஒரே ஆண்டின் எண்ணை வைத்தும் முடிவெடுக்க வேண்டாம். 2009-ல் அமெரிக்க அரசு பொருளாதார ஊக்கத் திட்டத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கு மட்டும் 1,040 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகள் பல பல்கலைக்கழகங்களின் வரைபடம் மேலே போய், அப்புறம் சரிந்தது. சரிந்த ஆண்டில் ஆராய்ச்சித் திறன் குறைந்துவிட்டதா என்ன? மூன்றாண்டு சராசரி எடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும்.

பணம் எங்கே குவிகிறது என்பதும் முக்கியம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவின் ஆராய்ச்சிச் செலவுப் பட்டியலில் முதலிடம். அந்தத் தொகையின் பெரும்பங்கு அதன் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில், பெரும்பாலும் பாதுகாப்பு, விண்வெளித் திட்டங்களுக்குச் செலவாகிறது. அங்கே இலக்கியம் படிக்கும் மாணவருக்கு அந்த முதலிடத்தால் என்ன கிடைக்கும்? நீங்கள் அனுப்பிய அறிக்கையில் துறைவாரிக் கணக்கே இல்லை. இந்த அறிக்கையின் பெரிய ஓட்டை என்று நான் சொல்வது இதைத்தான்.

கடைசியாகப் பணியாளர்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1,500 பேர் 2,100 ஆனார்கள், 40 சதவீதம் ஏற்றம். மாணவர் வளர்ச்சிக்கு ஈடுகொடுத்தது போலத் தெரிகிறது. பிரித்தால்: நிரந்தர ஆசிரியர் 600-லிருந்து 630. ஒப்பந்த, மணிக்கணக்கு ஆசிரியர்கள் 200-லிருந்து 500. ஆசிரியர் அல்லாதோர் 700-லிருந்து 970. பத்தாண்டில் நிரந்தர ஆசிரியர் முப்பது பேர்தான் கூடியிருக்கிறார்கள். மூன்று பகுதிநேரத்தாரை ஒரு முழுநேரத்தாராக எடுத்த கணக்கில் ஒரு நிரந்தர ஆசிரியருக்கு 2014-ல் 19 மாணவர், 2024-ல் 23. ஆனால் எல்லா ஆசிரியரையும் தலைக்கணக்கில் சேர்த்து, எல்லா மாணவரையும் தலைக்கணக்கில் எடுத்தால் அன்று 15, இன்று 16. அறிக்கையின் முதல் பக்கம் ‘ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:16’ என்று சொல்வது இப்படித்தான். கணக்கு சரி. ஆனால் வாரம் ஒருநாள் வந்து இரண்டு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டுப் போகிறவர் அதில் முழு ஆசிரியராக நிற்கிறார்.

இது ஒரு பல்கலைக்கழகத்தின் கதை மட்டும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தின் கணக்குப்படி, நிரந்தரப் பணிக்கு வாய்ப்பில்லாத நியமனங்கள் 1987-ல் 47 சதவீதம், 2021-ல் 68 சதவீதம். ஒப்பந்த ஆசிரியர்கள் மோசமாகப் பாடம் நடத்துகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பல இடங்களில் அவர்கள்தான் நன்றாக நடத்துகிறார்கள். ஆனால் முனைவர் பட்ட நெறியாளராக இருப்பதும் ஆராய்ச்சித் திட்டத்துக்கு விண்ணப்பிப்பதும் பெரும்பாலும் நிரந்தர ஆசிரியரின் வேலை. நான்காண்டு கழித்துப் பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகும்போதும் அவர் அங்கே இருப்பார்.

ஆசிரியர் கணக்கில் பெரிய பெயர்களும் தடுமாறியிருக்கின்றன. 2022-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், யு.எஸ். நியூஸ் வெளியிடும் அமெரிக்கப் பல்கலைக்கழகத் தரவரிசைக்குத் தன் பல்கலைக்கழகமே கொடுத்த எண்களைச் சரிபார்த்து, பொருந்தவில்லை என்று வெளியிட்டார். இருபதுக்கும் குறைவான மாணவர் கொண்ட வகுப்புகள் 82.5 சதவீதம் என்று சொல்லியிருந்த பல்கலைக்கழகம், பிறகு அதை 57.1 சதவீதம் என்று திருத்தியது. இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா அந்த ஆண்டே பதினெட்டாம் இடத்துக்குப் போனது. பொதுவெளியில் இருந்த பாட அட்டவணையையும் ஆசிரியர் பட்டியலையும் வைத்தே அவர் பெரும்பாலானதைக் கண்டுபிடித்தார். அதைச் சிறிய அளவில் நீங்களும் செய்யலாம்: மகள் சேரும் துறையின் இணையதளத்தில் ஆசிரியர் பெயர்களை எண்ணுங்கள், முதலாண்டுப் பாடங்களை யார் எடுக்கிறார்கள் என்று இந்தப் பருவத்தின் கால அட்டவணையில் பாருங்கள்.

ஆசிரியர் அல்லாத பணியாளர் எண்ணை மட்டும் அதிகம் நம்பாதீர்கள். துப்புரவையும் காவலையும் வெளி நிறுவனத்திடம் விட்டால் அந்த எண் ஒரே ஆண்டில் குறையும். வகைப்பாட்டை மாற்றினாலும் மாறும். அமெரிக்க அரசு கல்லூரிகளிடம் எடுக்கும் ஐபெட்ஸ் கணக்கெடுப்பில் 2012-ல் பணியாளர் வகைகளை மாற்றி அமைத்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இளநிலைக்கு இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல இந்த அறிக்கையில் காரணம் எதுவும் இல்லை. ஆனால் முதல் பக்கம் காட்டும் வேகமும் அங்கே இல்லை. வகுப்பு பத்தாண்டு முன்பு இருந்ததைவிட நெரிசலாக இருக்கும். முனைவர் பட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை பரவாயில்லை. விலைவாசி போக நிரந்தர ஆசிரியர் ஒருவருக்கான ஆராய்ச்சி நிதி 17 சதவீதம் கூடியிருக்கிறது, முனைவர் பட்டங்களும் 30 சதவீதம் ஏறியிருக்கின்றன. ஆனால் அந்த முடிவை இன்று எடுக்கத் தேவையே இல்லை. நான்காண்டில் எல்லாம் மாறும்.

சேர்க்கை அலுவலகத்துக்கு இப்போது ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மகள் சேர விரும்பும் துறையை மட்டும் குறிப்பிட்டு, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், அடுத்த ஐந்தாண்டில் ஓய்வு பெறுபவர் எத்தனை பேர், 2020-ல் முழுநேரமாகச் சேர்ந்தவர்களில் நான்கே ஆண்டில் பட்டம் வாங்கியவர் எத்தனை பேர், கடந்த மூன்றாண்டில் துறையின் ஆராய்ச்சிச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். அறிக்கை தயாரிக்கும் அலுவலகத்தில் இவை எல்லாம் கைவசம் இருக்கும். பதில் வரவில்லை என்றால் அரசுக் கணக்கெடுப்பில் தேடலாம். இந்தியாவில் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்வி நிறுவனங்கள் கொடுத்த விவரங்கள் அதன் இணையதளத்தில் உள்ளன, அமெரிக்காவுக்கு ஐபெட்ஸ், பிரிட்டனுக்கு ஹெசா என்ற உயர்கல்விப் புள்ளிவிவர அமைப்பு. ஓய்வு பெறுபவர் எண்ணிக்கை மட்டும் இவற்றில் கிடைக்காது, அதைத் துறைத் தலைவரிடமே நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.