கத்தார் விமானதள வேலைக்கு ஒன்றரை லட்சமா?

தேவிபட்டினம் சகோ, அல் உதைத் விமானதளத்தில் அமெரிக்கப் படையினரின் சாப்பாட்டுக்கூட வேலைக்கு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார், தம்பியை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்படி வேலைகள் உண்டு. தோஹாவுக்குத் தென்மேற்கே பாலைவனத்தில் இருக்கிறது அந்தத் தளம். ஆனால் சம்பளம் கொடுப்பது ராணுவம் அல்ல, ஒப்பந்த நிறுவனம். உச்சிப்புளியில் இருக்கும் பருந்து கடற்படை விமானதளத்தின் பக்கம் போகும்போது தலைக்கு மேல் விமானம் பார்க்கிறோமே, அந்த ஆசையில் தம்பி கிளம்ப வேண்டாம். வாசலில் சோதனை, கழுத்தில் அடையாள அட்டை, அப்புறம் ஷிப்டு முடியும்வரை தட்டு, பாத்திரம், தரை, குப்பை. படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

பணம்தான் இடிக்கிறது. அமெரிக்க அரசு ஒப்பந்த விதிப்படி, வேலைக்கு வருபவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கவும் கூடாது. நம் விதியிலும் பதிவுபெற்ற ஏஜென்ட்டுக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. ஒன்றரை லட்சம் எந்தக் கணக்கு? வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். 'நான் சப்-ஏஜென்ட், சென்னை ஆபீஸ் பெரியது' என்றால் சரி, அந்த ஆபீசின் எண்ணைக் கேளுங்கள்.

தம்பி பத்தாவது தேறாமல், பாஸ்போர்ட் ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற) வகையாக இருந்தால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி கட்டாயம். விசிட் விசாவில் போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.