அறுநூறு கேள்வி கேட்ட எம்.பி.

கேள்வி: "மக்களவையில் ஐந்தாண்டில் அறுநூறு கேள்வி கேட்ட எங்கள் அண்ணன்!" என்று எங்கள் எம்.பி.க்கு ஊரெல்லாம் பேனர். உண்மையிலேயே அவ்வளவு உழைத்திருக்கிறாரா? எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கேட்டிருப்பார், எண்ணிக்கையில் பொய் இருக்காது. ஆனால் மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறி இல்லாதவை 230. முதல் வகைக்குத்தான் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி போட்டு அவரை மடக்கலாம். அந்த இருபதிலும் கேள்வி நேரமான ஒரு மணிக்குள் ஐந்தாறு தேறினாலே அதிகம். அமளி வந்தால் அதுவும் போச்சு. மற்ற 230-க்கும் அச்சடித்த பதில்தான். கேட்டவர் அன்று ஊரில் கல்யாண வீட்டில் மொய் எழுதிக்கொண்டிருந்தாலும் அவர் கணக்கில் ஒன்று ஏறிவிடும். ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டால் பதில் ஒன்று, கணக்கு நாலு. கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்களே, அந்தக் கேள்விகளும் எண்ணிக்கையில் கேள்விகள்தான்.

வருகைப் பதிவும் அப்படியே. வருகையைப் பதிந்துவிட்டால் வந்த கணக்கு, தினப்படியும் உண்டு. பிறகு அவையில் உட்கார்ந்தாரா, கேன்டீனில் உட்கார்ந்தாரா என்று பதிவேட்டுக்குத் தெரியாது. (அமைச்சர்கள் வருகையைப் பதிவதே இல்லை. அவர்கள் வருகைச் சதவீதத்தைத் தேடி அலையாதீர்கள்.)

உழைக்கிறவருக்கும் இந்த எண்ணிக்கைப் பட்டியல் துரோகம் செய்யும். அமைச்சகங்களின் வேலையை எம்.பி.க்கள் உட்கார்ந்து ஆராயும் துறைவாரி நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. அதிகாரிகளை எதிரே உட்காரவைத்துச் செலவுக் கணக்கைக் குடைவது அங்கேதான். கதவடைத்த கூட்டம், டிவியில் வராது. தி.மு.க. எம்.பி. திருச்சி சிவாவின் திருநங்கையர் உரிமைக்கான தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவருவது) 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை, இதுவும் மக்களவையைத் தாண்டவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே அரசு தன் பங்குக்கு ஒரு மசோதாவோடு வந்தது. பட்டியலில் இதற்கெல்லாம் என்ன மதிப்பு? தனிநபர் மசோதா: 1.

நாடாளுமன்ற வேலையை ஆராயும் பி.ஆர்.எஸ். (PRS) அமைப்பின் தளத்தில் எண்ணிக்கை கிடைக்கும், அதை ஒருமுறை பார்த்து மூடிவிடுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் உங்கள் எம்.பி.யின் பெயரைத் தேடினால் கேள்வியும் பதிலும் முழுசாக வரும். ஒரு பத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். உங்கள் ஊர் ரயிலோ குளமோ ஆஸ்பத்திரியோ அதில் தட்டுப்படுகிறதா? "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் தப்பித்த இடங்கள் கட்டாயம் இருக்கும். அதன் பிறகு உங்கள் ஆள் அதே விஷயத்தை மறுபடி கேட்டாரா, விட்டுவிட்டாரா? விட்டுவிட்டார் என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். அடுத்த முறை பேனருக்குக் கீழே நின்று அவர் கைகூப்பும்போது தேவைப்படும்.