நெருங்கிய தோழிகளோடு அலாஸ்கா கப்பல் பயணம் போகலாமா? ஒரு வாரம் ஒன்றாகவே இருந்தால் மனக்கசப்பு வராதா?

தாராளமாகப் போங்கள். ஆனால் காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும் வரை நாலு பேரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குள் மனக்கசப்பு வந்ததே அதனால்தான்.

கோவையில் ஹாஸ்டலில் ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தவர்கள் நாங்கள். இப்போது ஒருத்தி டல்லாஸ், ஒருத்தி டொராண்டோ, ஒருத்தி சென்னை, நான் சியாட்டில். ஐம்பது வயதாகிறது, இப்போது போகாமல் எப்போது போவது என்று ஒரு ஜூன் மாதம் வான்கூவரில் கப்பல் ஏறினோம். ஜூனோ, ஸ்காக்வே, பனியாறுகள் கடலில் வந்து சேரும் கிளேசியர் பே வளைகுடா, கெச்சிகன் பார்த்துவிட்டுத் திரும்ப வான்கூவர். ஏழு இரவுகள், இரண்டு கேபின்.

இரண்டாம் நாள் இரவே சண்டை. ஜூனோவில் ஹெலிகாப்டரில் ஏறிப் பனியாற்றின் மேலேயே போய் இறங்கலாம். ஆளுக்குப் பல நூறு டாலர். டல்லாஸ்காரி ஆசையாக நாலு பேருக்கும் பதிவு செய்யப் போனாள். சென்னைக்காரி ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு, கேபினுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனில் ரூபாய்க் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, போய்ச் சொல்லிவிட்டேன். "என்கிட்ட சொல்றதுக்கு அவளுக்கு என்னடி தயக்கம்?" என்று டல்லாஸ்காரிக்குக் கோபம். "உன்னை யாருடி சொல்லச் சொன்னா?" என்று சென்னைக்காரிக்கு என்மேல் கோபம்.

மறுநாள் காலை காபியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். கரையில் இறங்கினால் அவரவர் விருப்பம், அவரவர் காசு. இரவுச் சாப்பாடு மட்டும் நாலு பேரும் ஒரே மேஜையில். கிளேசியர் பே அன்றைக்கு யாரும் எங்கேயும் போகக் கூடாது. அதன்பின் ஒரு சுடுசொல் கிடையாது.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம், ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போக ரோடே இல்லை. கப்பல் அல்லது விமானம்தான். டல்லாஸ்காரியும் டொராண்டோக்காரியும் ஹெலிகாப்டரில் போக, நானும் சென்னைக்காரியும் பஸ் பிடித்து மெண்டன்ஹால் பனியாற்றுக்குப் போய், நக்கெட் அருவி வரை நடந்தோம். அருவிச் சாரல் முகத்தில் பட்டதும் அவள் குற்றாலத்துக் கதையெல்லாம் ஆரம்பித்துவிட்டாள். இரவு மேஜையில் நாலு பேருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. ஒன்று மட்டும் கவனம்: கப்பல் மூலம் பதிவு செய்யாமல் தனியாகச் சுற்றினால் நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். கப்பல் உங்களுக்காக நிற்காது.

ஸ்காக்வேயில் செலவு பார்க்காமல் வொயிட் பாஸ் ரயிலில் ஏறுங்கள். 1898-ல் தொடங்கி 1900-ல் போட்டு முடித்த குறுகிய பாதை; இருபது மைலுக்குள் மூவாயிரம் அடிக்குப் பக்கமாக ஏறுகிறது. ரயில் வருவதற்கு முன்னால் இந்த வழியாகக் கனடாவின் க்ளோண்டைக் பகுதிக்குத் தங்கம் தேடிப் போனவர்களை எல்லையில் ஒரு வருஷத்துக்கான சாப்பாடும் சாமானும் இருந்தால்தான் உள்ளே விட்டார்களாம், ஏறக்குறைய ஒரு டன். அதைச் சுமந்து செத்த குதிரைகள் சுமார் மூவாயிரம். அவை செத்து விழுந்த பள்ளத்தாக்கு வந்ததும் எங்களில் யாரும் பேசவில்லை.

பால்கனி கேபின் அவசியமா என்று பலர் கேட்கிறார்கள். என் கருத்தில் வேண்டாம். கிளேசியர் பேயில் பனியாற்றுக்கு முன்னால் கப்பலே மெல்லத் திரும்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுகிறது. அந்தக் காசை ரயிலுக்கு வையுங்கள்.

கிளேசியர் பேயில் இருந்த அந்த நாளை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் தீராது. காலையில் தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் கப்பலேறி ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். 1794-ல் ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இந்த வளைகுடா ஏறக்குறைய முழுக்கப் பனிக்கட்டி. இன்றைக்கு அறுபத்தைந்து மைல் தூரம் தண்ணீர். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. நீல நிறச் சுவர். ஒரு துண்டு சத்தமில்லாமல் சரிவது தெரிந்தது. அது தண்ணீரைத் தொடும் நேரத்தில்தான் இடி மாதிரிச் சத்தம் வந்து சேர்ந்தது. இதைத்தான் இங்கே பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்கள் வெள்ளை இடி என்கிறார்கள். பஃபேயில் எடுத்த சோற்றில் தயிரைப் பிசைந்து, சென்னையிலிருந்து வந்த எலுமிச்சை ஊறுகாயோடு, விரல் விறைக்க டெக்கில் நின்றபடியே சாப்பிட்டோம்.

அன்று இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவரை இழந்த டொராண்டோக்காரி அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி முதல்முறையாக வாய் திறந்தாள். எங்கள் வீடுகளில் சந்தித்திருந்தால் யாராவது அடுப்பைப் பார்க்க எழுந்திருப்போம். அங்கே எழுந்திருக்க வேலையே இல்லை. ஒரு மணி வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் தோழி இருந்தால், வான்கூவரில் ஏறக் கனடா விசா, அலாஸ்காவுக்கு அமெரிக்க விசா, இரண்டும் வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்குங்கள். எங்கள் சென்னைக்காரியின் இரண்டாவது விசா கைக்கு வந்த பிறகுதான் மற்ற மூன்று பேரும் டிக்கெட்டே போட்டோம்.