60 வயதில் மைதானத்துக்குத் திரும்புகிறீர்களா? முதலில் பிறந்த தேதியைச் சரிபாருங்கள்

ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "தனியார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 59. பள்ளி, கல்லூரி நாட்களில் குண்டு எறிந்திருக்கிறேன், கொஞ்சம் ஈட்டியும். மூத்தோர் தடகளப் போட்டியில் கலந்துகொள்ள ஆசை. தகுதித் தூரம் என்று ஏதாவது உண்டா? எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் பிறந்த தேதி ஜூன் 1, ஆதாரில் ஜனவரி 1, ஆண்டு மட்டும் ஒன்று. போட்டி பிப்ரவரியில் என்கிறார்கள். நான் எந்தப் பிரிவில் வருவேன்? பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால் சிக்கல் வருமா? என் மனைவிக்கு 56, தினமும் நன்றாக நடப்பார், அவரும் சேரலாமா?"

தகுதித் தூரத்தைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். உலக மாஸ்டர்ஸ் தடகள சாம்பியன்ஷிப்பிலேயே தகுதித் தூரம், தகுதி நேரம் எதுவும் கிடையாது. 35 வயது முடிந்திருக்க வேண்டும், உங்கள் நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட மூத்தோர் தடகள அமைப்பு வழியாகப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். 1975-ல் டொரன்டோவில் முதல் போட்டி நடந்ததிலிருந்து இந்தப் போட்டியின் ஆதாரமே இதுதான், வயதானவர் யார் வந்தாலும் ஓடலாம், எறியலாம். 2022-ல் ஃபின்லாந்தின் தாம்பரே நகரில் நடந்தபோது நம் நாட்டின் பகவானி தேவி 94 வயதில் 100 மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார், குண்டு எறிதலில் வெண்கலமும் வாங்கினார். முன்னாள் வீரராக இருக்க வேண்டும், பழைய சான்றிதழ் காட்ட வேண்டும் என்றெல்லாம் எந்த விதியும் இல்லை. அதேபோல, அந்தக் காலத்தில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை வாங்கியவர், காசு வாங்கி ஆடியவர் என்பதற்காக யாரையும் தடுப்பதும் இல்லை. ஊக்கமருந்துத் தடையில் இருப்பவர் மட்டும் வர முடியாது.

நம் ஊரில் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படி ஏறி வரும் முறை இருக்கிறது. மாநிலப் போட்டியில் உங்கள் வயதுப் பிரிவில், உங்கள் நிகழ்ச்சியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர்களைத் தேசியப் போட்டிக்கு அனுப்புவது பொதுவான வழக்கம். இங்கேயும் தூரம் கணக்கில்லை, இடம்தான் கணக்கு. ஒருவர் எத்தனை நிகழ்ச்சியில் கலந்துகொள்ளலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருக்கும், பெரும்பாலும் மூன்று தனிநபர் நிகழ்ச்சிகள். இதெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் சங்கம் விடும் சுற்றறிக்கையில் இருக்கும். யாரோ சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் அந்தத் தாளை வாங்கிக் கடைசி வரி வரை படியுங்கள்.

சரி, உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். பிறந்த தேதி.

மூத்தோர் தடகளத்தில் 35–39, 40–44 என்று ஐந்து ஐந்து வயதாகப் பிரிக்கிறார்கள் (நம் நாட்டுப் போட்டிகளில் 30-லிருந்தே பிரிவு வைப்பதும் உண்டு). எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானிப்பது போட்டியின் முதல் நாளில் உங்கள் வயது. உங்கள் நிகழ்ச்சி நடக்கும் நாள் கணக்கில்லை. போட்டி வெள்ளியில் தொடங்குகிறது, உங்களுக்குச் சனிக்கிழமை 60 நிறைகிறது, குண்டு எறிதல் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் நீங்கள் 55–59 பிரிவுதான். இது தெரியாமல் பதிவு மேசையில் வாக்குவாதம் செய்பவர்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கிறேன், பாவமாக இருக்கும், ஆனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். பிப்ரவரியில் போட்டி என்றால், ஆதார்ப்படி உங்களுக்கு 60 நிறைந்துவிட்டது, எஸ்.எஸ்.எல்.சி.ப்படி இன்னும் 59. எறிபவருக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. ஆண்களுக்கு 50 முதல் 59 வரை குண்டு 6 கிலோ, 60 முதல் 69 வரை 5 கிலோ. ஈட்டி 700 கிராமிலிருந்து 600 கிராமுக்கு இறங்கும், வட்டு ஒன்றரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு. 70 ஆனால் குண்டு 4 கிலோ, 80-க்கு மேல் 3 கிலோ. ஒரு கிலோ குறைந்தாலே எறியும் தூரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடிவிடும், அதோடு புதிய பிரிவில் நுழையும் ஆண்டில் அங்கே நீங்கள்தான் இளையவர். அதனால்தான் மூத்தோர் தடகளத்தில் எல்லாரும் அடுத்த பிரிவுக்குப் போகக் காத்திருப்பார்கள்.

ஆதாரில் ஜனவரி 1 இருப்பது ஏன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், பதிவு செய்த நாளில் ஆண்டை மட்டும் சொல்லியிருப்பீர்கள். ஆதார் அடையாளத்துக்கான ஆவணம், பிறந்த தேதிக்கான சான்று இல்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், வயதைப் பள்ளிச் சான்றிதழை வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆதாரை வைத்து அல்ல என்று சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் எஸ்.எஸ்.எல்.சி. தேதியையே பிடித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரிப் போட்டியில் 55–59 பிரிவில் 6 கிலோ குண்டோடு இறங்குங்கள். ஜனவரி 1 வசதியாக இருக்கிறதே என்று ஆதாரை மட்டும் நீட்டி 60 பிரிவில் பதக்கம் வாங்கினால், பிறகு பாஸ்போர்ட்டில் வேறு தேதி தெரியவரும்போது பதக்கமும் போகும், பெயரும் கெடும். அதைவிட முக்கியம், அந்தப் பிரிவில் நேர்மையாக எறிந்து நான்காவதாக வந்த ஒரு பெரியவர் தேசியப் போட்டிக்குப் போகும் வாய்ப்பை இழந்திருப்பார். இது எனக்குப் பொறுக்காத விஷயம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் காட்டி ஆதாரில் தேதியைத் திருத்துங்கள். பிறந்த தேதியை அங்கே பொதுவாக ஒருமுறைதான் மாற்றித் தருவார்கள், எனவே சரியான தேதியைக் கொடுங்கள். பிறகு அதே தேதியில் பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வயதுக்காரர்களுக்குப் பள்ளிச் சான்றிதழையே பிறந்த தேதி ஆதாரமாக ஏற்கிறார்கள். வெளிநாட்டுப் போட்டி எதுவானாலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதிதான் கடைசி வார்த்தை. பிப்ரவரியில் மாநில அளவில் 55 பிரிவில் தேர்வாகி, தேசியப் போட்டி ஜூன் 1-க்குப் பிறகு வந்தால் அங்கே நீங்கள் 60 பிரிவு. இந்த மாதிரி நடுவில் பிரிவு மாறுபவர்களைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது என்பதைச் சங்கச் செயலாளரிடம் பதிவு செய்யும்போதே சொல்லி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தடகளத்தில் இருக்கும் இந்த முதல் நாள் கணக்கை மற்ற விளையாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நீச்சலில் மாஸ்டர்ஸ் பிரிவு 25 வயதிலேயே தொடங்கும், அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று உங்கள் வயது என்ன என்று பார்ப்பார்கள், உலகப் போட்டிக்குத் தகுதி நேரமும் உண்டு. டேபிள் டென்னிஸ் உலக மூத்தோர் போட்டி 40-லிருந்து. அமெரிக்காவில் பிள்ளைகளோடு குடியேறிவிட்ட பெற்றோரும் சிலர் கேட்பார்கள், அங்குள்ள தேசிய சீனியர் விளையாட்டுகளுக்கு 50 ஆகியிருக்க வேண்டும், அதோடு முந்தைய ஆண்டே ஏதாவது ஒரு மாநிலப் போட்டியில் தகுதி பெற்றிருக்க வேண்டும், நேராகப் போய் நிற்க முடியாது. நம் முதலமைச்சர் கோப்பையில் பொதுப்பிரிவு 35 வயதோடு முடிந்துவிடுகிறது, அதனால் உங்களுக்கு அந்த வழி இல்லை.

மாத்திரைக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மாவட்டப் போட்டியில் உங்களிடம் யாரும் சிறுநீர் மாதிரி கேட்கப்போவதில்லை. ஆனால் உலகப் போட்டிகளில் மூத்தோருக்கும் ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டு, 70 வயதுக்காரர்கூட மாட்டியிருக்கிறார்கள், பலரும் வேண்டுமென்றே செய்தவர்கள் இல்லை. பி.பி.க்கு டெல்மிசார்டன், ஆம்லோடிபின் மட்டும் சாப்பிடுகிறீர்கள் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அதே மாத்திரை பெயரோடு 'எச்' சேர்ந்து வந்தால், உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மருந்து இருக்கிறது என்று அர்த்தம், அது தடைப் பட்டியலில் இருக்கிறது. குளோர்தலிடோனும் அப்படித்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் தாராளமாகச் சாப்பிடலாம், இன்சுலின் ஊசி என்றால் அது தடைப் பட்டியலில் உள்ள மருந்து. மூட்டு வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் போட்டி நேரத்தில் கூடாது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. போட்டிக்காக பி.பி. மாத்திரையை விட்டவர் மைதானத்திலேயே விழுந்துவிடலாம், உயிரைவிட எந்தப் பதக்கமும் பெரிதில்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டாக்டரிடம் சொல்லித் தடையில் இல்லாத மருந்துக்கு மாற முடியுமா என்று கேட்பது, பி.பி.யில் பலருக்கு இது முடிகிறது. இன்னொன்று, அந்த மருந்துதான் வேண்டும் என்றால், சிகிச்சைக்காகப் பயன்படுத்த விலக்கு கேட்டு டாக்டரின் அறிக்கை, பரிசோதனை முடிவுகளோடு விண்ணப்பிப்பது. இன்சுலின் போடுபவர்கள் இந்த விலக்கோடுதான் உலகப் போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள். நீங்கள் இப்போது மாவட்டம், மாநிலம் அளவில்தான் இருக்கிறீர்கள் என்றாலும் மாத்திரை அட்டையை எடுத்து உள்ளே என்னென்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. நாலு போட்டிக்குப் போய்வந்தால் உங்கள் எண் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். "சர்வதேசப் போட்டிக்கு நீங்கள் இந்திய அணிக்குத் தேர்வாகியுள்ளீர்கள், இத்தனை ஆயிரம் கட்டுங்கள்" என்று கடிதம் வரும். மூத்தோர் போட்டி நடத்துவதாகச் சொல்லும் அமைப்புகள் நம் நாட்டில் பல இருக்கின்றன, எல்லாமே பெயரில் 'இந்தியா' வைத்திருக்கின்றன. உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பு ஒரு நாட்டுக்கு ஓர் உறுப்பு அமைப்பை மட்டுமே வைத்திருக்கிறது, அந்தப் பெயர் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கும், பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள். உண்மையான உலகப் போட்டிக்கும் பயணம், தங்குமிடம், பதிவுக் கட்டணம் எல்லாம் பொதுவாக நம் கைக்காசுதான், அதில் தவறில்லை. வெறும் சுற்றுலாவை இந்திய அணித் தேர்வு என்று சொல்லி ஓய்வூதியப் பணத்தைப் பிடுங்குவதுதான் தவறு.

பயிற்சிக்கு ஒரு வார்த்தை. 40 வருடம் கழித்து எறியப் போகிறீர்கள். முதலில் ஈ.சி.ஜி., டாக்டரின் உடற்தகுதிச் சான்றிதழ், அதைப் பல சங்கங்கள் எப்படியும் கேட்கும். பிறகு ஒரு மாதமாவது 4 கிலோ குண்டில் நின்ற இடத்திலிருந்து எறிந்து பழகி, தோள் பழகிய பின் 6 கிலோவைத் தொடுங்கள். வட்டத்தின் பின்பாதி வழியாக வெளியே வர வேண்டும், எறிந்த வேகத்தில் முன்பக்கம் தாண்டிவிட்டால் ஃபவுல். பழையவர்கள் நிறைய பேர் இதில்தான் நல்ல எறிதலை இழக்கிறார்கள்.

உங்கள் மனைவியைக் கண்டிப்பாகச் சேர்த்துவிடுங்கள். அவர் 55–59 பெண்கள் பிரிவு, 5,000 மீட்டர் நடைப்போட்டி இருக்கிறது, அதற்கும் தகுதி நேரம் கிடையாது. ஆனால் காலை நடைப்பயிற்சியும் நடைப்போட்டியும் ஒன்றில்லை. ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்வைத்த கால் தரையைத் தொட்ட கணத்திலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும் வரை முழங்கால் மடங்கக் கூடாது. வெவ்வேறு நடுவர்களிடமிருந்து மூன்று சிவப்பு அட்டை விழுந்தால் வெளியே. முழங்கால் வலி ஏதாவது இருந்தால் இந்த நடை அவருக்கு ஒத்துவராது, அப்போது 3 கிலோ குண்டைக் கையில் கொடுத்துப் பாருங்கள், பெண்களுக்கு 50 முதல் 74 வரை அதே எடைதான். அவருடைய பிறந்த தேதியும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று உங்களுடையதைத் திருத்தப் போகும்போதே பார்த்துவிடுங்கள்.