அபிமன்யு கதையும் மூன்று அணாவும்

கேள்வி: ராகுல் காந்தி மக்களவையில் பேசினால் அன்றைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழு அதிர்கிறது. நீங்களும் ‘அனல் பறந்தது’ என்று தலைப்புப் போடுகிறீர்கள். நிஜமாகவே அவர் நல்ல நாடாளுமன்றப் பேச்சாளரா?
– ஒரு வாசகர், தக்கலை

பதில்: அந்த அனல் தலைப்புக்கு நான்தான் பொறுப்பு. அச்சுக்குப் போகிற அவசரத்தில் போட்டது, விடுங்கள்.

அவர் பேச்சைக் கேட்டால் எனக்கு நம்மூர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்ட நினைப்புதான் வரும். குறையாகச் சொல்லவில்லை. 2024 ஜூலை 29 பட்ஜெட் விவாதத்தில், குருக்ஷேத்திரத்தில் அபிமன்யுவைச் சக்கரவியூகத்துக்குள் மாட்டி ஆறு பேர் கொன்றார்கள் என்று தொடங்கி, அதற்குப் பத்மவியூகம் என்றும் பெயர், தாமரை வடிவம், பிரதமர் நெஞ்சில் குத்தியிருப்பதும் அதுதான் என்று இழுத்துக்கொண்டுபோய், இன்றைக்கும் அதே ஆறு பேர்தான் என்று பெயர்களை அடுக்கினார். சபையில் இல்லாதவர் பெயரை எடுக்காதீர்கள் என்று சபாநாயகர் குறுக்கிட்டார். பின்பெஞ்சுக்காரர்கள் ‘ஆமா’ போட்டார்கள், குடம் அடிக்காததுதான் பாக்கி. பட்ஜெட்டுக்கு முன்னால் நிதியமைச்சகத்தில் அல்வா கிண்டிய படத்தைப் பற்றிப் பேசியபோது நிதியமைச்சர் முகத்தில் கை வைத்துக்கொண்டது இன்னும் போனில் சுற்றுகிறது. கதை சொல்லத் தெரிந்த ஆள், சந்தேகமில்லை. 2022 செப்டம்பர் 7-ல் நம்ம கன்னியாகுமரியிலிருந்து பாரத் ஜோடோ யாத்திரையாக நடக்கத் தொடங்கிய பிறகு இந்தக் கதைசொல்லி இன்னும் தேறிவிட்டார்.

இடறுவது கணக்கில். எதிர்க்கட்சித் தலைவராக அவருடைய முதல் பெரிய பேச்சு, 2024 ஜூலை 1. சிவன் படத்தைத் தூக்கிக் காட்டி அபய முத்திரையை விளக்கினார், பேச்சின் சில பகுதிகள் அப்புறம் சபைக் குறிப்பிலிருந்தே நீக்கப்பட்டன. அதே பேச்சில், இறந்த அக்னிவீரரின் (நாலு வருஷ ஒப்பந்தத்தில் ராணுவத்தில் சேர்க்கப்படுகிறவர்) குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை என்றார். பாதுகாப்பு அமைச்சர் உடனே எழுந்து, ஒரு கோடி ரூபாய் கொடுக்கிறோம் என்று மறுத்தார். ரெண்டு நாளில் ராணுவமே 98.39 லட்சம் கொடுத்தாயிற்று என்று கணக்குச் சொல்லிவிட்டது. காப்பீடு வேறு, இழப்பீடு வேறு என்று ராகுல் பிற்பாடு விளக்கினார். நல்ல வாதம்தான். அதை அன்றைக்கே, அமைச்சர் எழுந்து நிற்கும்போதே முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் அமைச்சர் திணறியிருப்பார்.

1963 ஆகஸ்டில், நேரு அரசின் மீது வந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா என்ன செய்தார்? இந்தியாவில் 27 கோடிப் பேருடைய ஒரு நாள் பிழைப்பு மூன்று அணாவில் (பதினாறு அணா ஒரு ரூபாய்) ஓடுகிறது என்று ஒரே ஒரு எண்ணைத் தூக்கி மேசையில் போட்டார். அரசுத் தரப்பு பதினைந்து அணா என்றது. அவ்வளவுதான், அவர் இழுத்த கோட்டுக்குள் அரசு வந்துவிட்டது, மூன்றா பதினைந்தா என்று நாடே கணக்குப் போட்டது. தீர்மானம் ஆதரவு 62, எதிர்ப்பு 347 என்று படுதோல்வி. ஆனால் அந்த மூன்று அணா இன்னமும் பேச்சில் இருக்கிறது.

நம்ம மாவட்டத்துக்காரருக்கு இதை நான் சொல்லித் தரவேண்டுமா! 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது கடலில் காணாமற்போனவர் எத்தனை என்று அரசு ஒன்று சொன்னது, தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து மீனவர்கள் இன்னொன்று சொன்னார்கள். அன்றைக்கு உதவியது மேடைப் பேச்சா, வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதிய நோட்டா?

அபிமன்யு கதை உங்கள் குழுவில் எத்தனை தடவை வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த 98.39 லட்சத்தை யாராவது ஒருத்தர் போட்டாரா?