பேக்-12: பத்துப் பேர் போன பிறகு வந்த கேள்விகள்

அமெரிக்காவின் மேற்குக் கரைக் கல்லூரிகள் நூறு வருடத்துக்கும் மேலாகச் சேர்ந்து விளையாடிய அமைப்பு பேக்-12. 2024 கோடையில் அதன் 12 கல்லூரிகளில் 10 வெளியேறின. மிஞ்சியவை இரண்டு. அதில் ஒன்றான வாஷிங்டன் ஸ்டேட்டில் படித்தவன் நான். அதனால் சில பதில்களில் மனசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்று எழுதுவதெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பாலைத்தான்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, கான்பரன்ஸ் என்கிறார்களே, நம் ஊர் இன்டர் யுனிவர்சிட்டி போட்டி மாதிரியா?

இல்லை தம்பி. நம் ஊரில் தென்மண்டலப் போட்டி என்றால் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் நாலைந்து நாள் கூடி ஆடிவிட்டுக் கிளம்பிவிடுவோம். கான்பரன்ஸ் அப்படியல்ல. ஒரு வட்டாரத்துக் கல்லூரிகள் சில சேர்ந்து, வருடா வருடம் நமக்குள் ஆடிக்கொள்வோம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது. கூடைப்பந்து, ஃபுட்பால், டென்னிஸ், வாலிபால் என்று சீசன் முழுக்க ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் ஆடுவார்கள். அட்டவணை போடுவது, நடுவர்களை ஏற்பாடு செய்வது, டிவி உரிமையை விற்று வரும் பணத்தைப் பங்கு பிரிப்பது எல்லாம் கான்பரன்ஸின் வேலை. அதற்கு மேலே என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு. பொது விதிகளும், பெரும்பாலான விளையாட்டுகளின் தேசியச் சாம்பியன்ஷிப்பும் அதன் கையில். டிவி பணம் என்றேனே, அதை நினைவில் வைத்துக்கொள்.

டல்லாஸிலிருந்து ஒருவர்: இது எப்போது தொடங்கியது? ஆரம்பத்திலிருந்தே 12 தானா?

1915 டிசம்பர் 2 அன்று ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில், இம்பீரியல் ஹோட்டலில் நடந்த கூட்டத்தில் தொடங்கியது. நான்கே கல்லூரிகள்: பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன், யூஜீனில் உள்ள ஓரிகன், கார்வாலிஸில் இருந்த ஓரிகன் வேளாண் கல்லூரி. கடைசியாகச் சொன்னதுதான் இன்றைய ஓரிகன் ஸ்டேட். அப்போது பெயர் பசிபிக் கோஸ்ட் கான்பரன்ஸ். 1917இல் வாஷிங்டன் ஸ்டேட், அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்ட், 1922இல் லாஸ் ஏஞ்சலிஸின் யுஎஸ்சி, 1928இல் அதே ஊரின் யுசிஎல்ஏ என்று வந்து சேர்ந்தார்கள். ஐடஹோவும் மொன்டானாவும்கூட ஒரு காலத்தில் உள்ளே இருந்தன.

1950களில் ஆட்டக்காரர்களுக்கு மறைவாகப் பணம் கொடுத்த விவகாரம் வெடித்து, ஒருவர் மீது ஒருவர் கோபப்பட்டு, 1959இல் அமைப்பே கலைந்தது. கலிபோர்னியாவின் நாலும் சியாட்டிலும் சேர்ந்து உடனே புதிதாக ஒன்றை ஆரம்பித்தன. புல்மனில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டை அதில் சேர்க்க 1962 ஆயிற்று. ஓரிகன் மாநிலத்து இரண்டு கல்லூரிகளுக்கு 1964. ஐடஹோவை யாரும் திரும்பக் கூப்பிடவே இல்லை. சிறிய ஊர்க் கல்லூரிகளை வாசலில் நிறுத்தி வைத்தது 2023இல்தான் முதல் தடவை என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அப்புறம் 1968இல் பேக்-8, 1978இல் அரிசோனாவின் இரண்டும் வந்து பேக்-10, 2011இல் கொலராடோவும் யூட்டாவும் வந்து பேக்-12.

சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டுக்காரர் "ஜோடி ஜோடியாகப் பிரித்து வைத்திருந்தார்கள், அதுதான் அழகு" என்கிறார். என்ன அர்த்தம்?

அவர் சொல்வது முழுக்கச் சரி. என்னைக் கேட்டால், அந்தக் கான்பரன்ஸின் உயிரே அதில்தான் இருந்தது. வரைபடத்தைப் பாருங்கள். கார்வாலிஸுக்கும் யூஜீனுக்கும் நடுவே 65 கிலோமீட்டர் சுமார். பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் ஒரே வளைகுடாவின் இரண்டு பக்கம். யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் ஒரே நகரம். வாஷிங்டனில் சியாட்டிலும் புல்மனும், அரிசோனாவில் டூசானும் டெம்பியும், பிறகு வந்த சால்ட் லேக் சிட்டியும் போல்டரும்.

கூடைப்பந்து அட்டவணையை இந்த ஜோடிகளை வைத்தே போட்டார்கள். ஓர் அணி புதன்கிழமை விமானம் ஏறும். வியாழக்கிழமை பெர்க்லியில் ஆட்டம். பிறகு பஸ்ஸில் ஸ்டான்ஃபோர்ட். சனிக்கிழமை அங்கே ஆடிவிட்டு ஊர் திரும்பினால் ஒரே பயணத்தில் இரண்டு ஆட்டம் முடிந்தது. திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்துவிடலாம். ஆடுகிற பிள்ளைகளும் மாணவர்கள்தானே என்பதை மனசில் வைத்துப் போட்ட அட்டவணை அது.

ஜோடி என்றால் பங்காளிச் சண்டையும் உண்டு. பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் 1892 முதல் ஃபுட்பாலில் மோதுகின்றன. ஜெயித்தவருக்கு ஒரு கோடரி. 1982இல் ஆட்டத்தின் கடைசி நொடியில் பெர்க்லிப் பையன்கள் பந்தைக் கை மாற்றிக் கை மாற்றி ஐந்து தடவை பின்னால் வீசி ஓட, ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் இசைக்குழு மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. வாத்தியக்காரர்களுக்கு நடுவே புகுந்து ஓடித்தான் பெர்க்லி 25-20 என்று ஜெயித்தது. அரிசோனா ஜோடியின் டெரிடோரியல் கோப்பை 1899ஐச் சேர்ந்தது.

திறமையிலும் குறைச்சல் இல்லை. என்சிஏஏ அணிப் பட்டங்களை எண்ணினால் ஸ்டான்ஃபோர்ட், யுசிஎல்ஏ, யுஎஸ்சி இந்த மூன்றும்தான் நாட்டிலேயே முதல் மூன்று இடம். ஜான் வுடன் பயிற்சியில் யுசிஎல்ஏ கூடைப்பந்தில் 1964க்கும் 1975க்கும் இடையே 10 தேசியப் பட்டம் வென்றது. அதில் 7 தொடர்ச்சியாக. யூஜீனில் பில் பவர்மேனிடம் ஓடப் பழகிய ஃபில் நைட், பின்னாளில் அதே பயிற்சியாளரோடு சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் நைக்கி ஆனது.

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர்: இவ்வளவு நல்ல அமைப்பு ஏன் உடைந்தது? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரியில் சொன்னால், ஃபுட்பால் டிவி பணம். ஆனால் அந்த வரி போதாது, கொஞ்சம் பொறுங்கள்.

2011இல் இஎஸ்பிஎன், ஃபாக்ஸ் என்ற இரண்டு டிவி நிறுவனங்களோடும் 12 வருட ஒப்பந்தம் போட்டபோது பேக்-12 நல்ல நிலையில்தான் இருந்தது. அடுத்த வருடம் சொந்தமாக ஒரு சேனல் ஆரம்பித்தார்கள். நாடு முழுவதற்கும் ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறு. மற்ற கான்பரன்ஸ்கள் பெரிய டிவி நிறுவனத்தோடு பங்கு வைத்துத்தான் சேனல் தொடங்கின. இவர்கள் முழுச் சொந்தமாக வைத்துக்கொண்டார்கள். எண்ணம் பெரிது. ஆனால் டைரக்டிவி என்ற டிஷ் டிவி நிறுவனம் கடைசி வரை அந்தச் சேனலைக் காட்டவே இல்லை. பெற்ற மகனின் ஆட்டத்தையே வீட்டில் பார்க்க முடியாமல் இருந்த பெற்றோர் உண்டு. இன்னொன்று, இங்கே இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் உங்கள் பக்கம் பத்தரை மணி. நியூயார்க்கும் பாஸ்டனும் தூங்கப் போன பிறகு ஆடினால் விளம்பரக்காரர் என்ன விலை கொடுப்பார்?

மத்திய மேற்கின் பிக் டென் கான்பரன்ஸ் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 2022 ஜூன் 30 அன்று யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் அங்கே போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலிஸ் போனால் பேக்-12இன் டிவி மதிப்பில் பெரும் பகுதி போனது. இரண்டே மாதத்துக்குள் பிக் டென் 7 வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பேக்-12 ஒரு வருடம் பேசிக்கொண்டே இருந்தது. கடைசியில் கையில் இருந்தது ஆப்பிள் கொடுத்த ஒரே ஒரு யோசனை: அடிப்படைத் தொகை குறைவு, சந்தாதாரர் கூடினால் பணமும் கூடும். அதற்குள் கொலராடோ, பிக் 12 என்ற இன்னொரு கான்பரன்ஸுக்குக் கிளம்பிவிட்டது. 2023 ஆகஸ்ட் 4 காலையில் மிச்சம் இருந்த ஒன்பது பேரும் கையெழுத்துப் போடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அன்று பொழுது சாய்வதற்குள் ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென், அரிசோனாவின் இரண்டும் யூட்டாவும் பிக் 12. ஒரே நாளில் ஐந்து! நான் அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடாமல் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இதில் மனசை அறுப்பது என்னவென்றால், கடைசி சீசனில்தான் பேக்-12 பிரமாதமாக ஆடியது. வாஷிங்டன் ஓர் ஆட்டமும் தோற்காமல் தேசிய இறுதி வரை போய், அங்கேதான் மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றது.

சென்னையிலிருந்து ஒருவர்: ஸ்டான்ஃபோர்ட் இப்போது அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸிலா? அச்சுப் பிழை இல்லையே?

பிழை இல்லை. பசிபிக் கரையிலிருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 2024 முதல் அட்லாண்டிக் கரைக் கான்பரன்ஸில். அதுவும் முதல் 7 வருடம் டிவி பணத்தில் சுமார் 30 சதவீதப் பங்குக்குத்தான் ஒப்புக்கொண்டு சேர்ந்தார்கள். வெளியே நிற்பதைவிட அது மேல் என்று தோன்றியிருக்கிறது. பெர்க்லியும் யுசிஎல்ஏவும் ஒரே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிளைகள். யுசிஎல்ஏ முதலில் கிளம்பியதால் பெர்க்லிக்கு வந்த நஷ்டத்துக்கு ஈடாக, 3 வருடம், வருடத்துக்கு 1 கோடி டாலர் கொடுக்கும்படி பல்கலைக்கழக ஆட்சிக்குழு சொல்லிவிட்டது.

கோவையிலிருந்து ஒரு உடற்கல்வி ஆசிரியர்: தூரம் கூடினால் என்ன, விமானத்தில்தானே போகிறார்கள்?

சார், நீங்கள் பிள்ளைகளை மீட்டுக்குக் கூட்டிப்போனவர், உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபுட்பாலுக்கு வாரம் ஓர் ஆட்டம், தனி விமானம். ஒரு சீசனில் வெளியூர் ஐந்தோ ஆறோதான். வாலிபால், சாஃப்ட்பால், சாக்கர் ஆடும் பெண்களை நினைத்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்கு ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர், கடிகாரத்தில் 3 மணி நேர வித்தியாசம். வார நாளில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நள்ளிரவில் திரும்பி, காலையில் கெமிஸ்ட்ரி லேப். ஒப்பந்தம் எழுதியது ஃபுட்பாலுக்காக. அலைச்சல் மட்டும் இவர்களுக்கு. ஃபுட்பாலுக்கு வேண்டுமானால் தனிக் கூட்டணி வைத்துக்கொள்ளட்டும், மற்ற விளையாட்டுகளைப் பழையபடி பக்கத்து ஊர்களோடு ஆட விடட்டும் என்று பல பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

போர்ட்லண்டிலிருந்து ஒருவர்: மிஞ்சிய இரண்டும் என்ன செய்தன?

முதலில் கோர்ட்டுக்குப் போனார்கள். போகிறோம் என்று அறிவித்துவிட்ட பத்துப் பேரும் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து ஓட்டுப் போட்டால், அமைப்பையே கலைத்துப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாமே? புல்மன் அடங்கிய விட்மன் கவுண்டி நீதிமன்றத்தில் 2023 நவம்பரில் தீர்ப்பு இவர்கள் பக்கம் வந்தது. மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. பெயரும் சொத்தும் கடனும் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் கையில்.

ஆள் குறைந்தால் கான்பரன்ஸைச் சரிசெய்ய என்சிஏஏ 2 வருட அவகாசம் தரும். அந்த இரண்டு வருடமும் இரண்டே பேராக ஓட்டினார்கள். ஃபுட்பாலுக்கு எங்கெங்கோ எதிரணி தேடினார்கள். கூடைப்பந்து போன்றவற்றுக்கு வெஸ்ட் கோஸ்ட் கான்பரன்ஸில் இடம் கேட்டு ஆடினார்கள். அதற்குள் பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் ஆகியவற்றையும், ஃபுட்பால் அணி இல்லாத ஆனால் கூடைப்பந்தில் பெரிய பெயரான கொன்சாகாவையும் சேர்த்துவிட்டார்கள். 2026 ஜூலை 1 புதிய பேக்-12இன் தொடக்க நாள். ஃபுட்பாலுக்கு வேண்டிய எட்டு அணியும் தேறிவிட்டது. டெக்சஸ் கொஞ்சம் தூரம்தான், ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி இது மேற்கு மாநிலங்களின் அமைப்பாகவே இருக்கிறது. ஆள் தேடியபோது வரைபடத்தையும் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: என் மகள் நன்றாக டென்னிஸ் ஆடுவாள். அங்கே ஸ்காலர்ஷிப்பில் படிக்க முடியுமா?

முடியும் அம்மா, டென்னிஸில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நிறையவே ஆடுகிறார்கள். சென்னை விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் யுஎஸ்சிக்கு ஆடியவர். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வாங்கினார். மூன்று விஷயம் பாருங்கள். என்சிஏஏவின் தகுதி மையத்தில் பதிந்து, பள்ளி மதிப்பெண்களை அங்கே ஒப்புதல் வாங்க வேண்டும். என்சிஏஏவின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் 3 கல்லூரிகளும் ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீகும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தருவதில்லை. விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், மாணவர் விசாவில் வேலை செய்வதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதை மறக்காதீர்கள்; கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

சேலத்திலிருந்து ஒருவர்: பேட்மிண்டன், கிரிக்கெட்?

இரண்டும் என்சிஏஏ விளையாட்டு இல்லை.

சியாட்டிலிலிருந்து ஒருவர்: ஆப்பிள் கோப்பை இனி உண்டா? ஒரு தடவையாவது புல்மன் வந்து பார்க்க ஆசை.

உண்டு. வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 1900 முதல் ஆடி வருகின்றன, 1962 முதல் அதற்கு ஆப்பிள் கோப்பை என்று பெயர். வேறு வேறு கான்பரன்ஸுக்குப் போன பிறகும் 2028 வரை ஆடுவதாக ஒப்பந்தம் இருக்கிறது. 2024இல் உங்கள் ஊர் லூமன் ஃபீல்டில் நடந்த ஆட்டத்தில், கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் வாஷிங்டனின் கடைசி முயற்சியைத் தடுத்து நிறுத்தி 24-19 என்று ஜெயித்தோம். அன்றைக்குத் தொண்டை கட்டியது சரியாக நாலு நாள் ஆயிற்று.

புல்மனுக்குக் கட்டாயம் வாருங்கள். காரில் சுமார் 460 கிலோமீட்டர். மலை தாண்டி, கொலம்பியா ஆறு தாண்டி, பலூஸ் கோதுமை மேடுகள் ஆரம்பித்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாலை வளைந்து வளைந்து போகும். ஆட்டத்துக்கு முந்தைய நாளே வந்துவிடுவது நல்லது, ஊரில் தங்கும் இடம் குறைவு. பல்கலைக்கழகத்துப் பால்பண்ணை செய்யும் கூகர் கோல்ட் சீஸ் தகர டப்பாவில் அடைத்து வரும். இரண்டு டப்பா வாங்குங்கள், ஒன்றைப் போகும் வழியிலேயே திறந்துவிடுவீர்கள்.