ஆண்டு மாநாட்டுக்கு நகரத்தில் தனித்தன்மையுள்ள இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: தோட்டங்களுக்கு உரமும் இயந்திரங்களும் விற்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இந்த வருடக் கூட்டத்தையும் இரவு விருந்தையும் வழக்கமான ஹோட்டலில் வைக்காமல், நகரத்தில் வித்தியாசமான இடத்தில் நடத்தச் சொல்லிவிட்டார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது?

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்காரன். இங்குள்ள கூட்டுறவுச் சங்கத்துக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பல வருடங்களாகக் கூட்ட இடம் பிடித்துக் கொடுத்து வருகிறேன். உங்கள் கூட்டத்துக்கும் எங்கள் ஊர் கிராணிமார்களும் (தோட்ட அலுவலக எழுத்தர்கள்) மேற்பார்வையாளர்களும்தானே வரப்போகிறார்கள்? அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

அந்தத் தனித்தன்மை வருகிறவர்களுக்குப் போய்ச் சேருமா என்பதுதான் நான் முதலில் கேட்பது. நூறு வருடப் பழைய ஹோட்டல் என்பார்கள். உங்களுக்குக் கொடுப்பது பின்பக்கம் புதிதாகக் கட்டிய, ஜன்னலே இல்லாத மண்டபமாக இருக்கும். காலையில் உள்ளே போனவர் மாலையில்தான் வெளியே வருவார். அவருக்கு அது எந்த ஊராக இருந்தால் என்ன? அதனால் பதிவு மேசை எங்கே, தேநீர் இடைவேளை எங்கே என்றும் கேளுங்கள். பழைய கட்டடத்தின் ஐந்தடியிலோ (முன்பக்கம் கூரையோடு இருக்கும் நடைபாதை) நடுமுற்றத்திலோ தேநீர் வைக்க விட்டால், கூட்டம் சாதாரண அறையில் நடந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம்.

அடுத்து, அந்த இடத்துக்கும் உங்கள் தொழிலுக்குமோ வருகிறவர்களின் ஊருக்குமோ ஏதாவது சம்பந்தம் இருந்தால் நல்லது. பேராக் பக்கம் என்றால் நான் ஈப்போவைத்தான் சொல்வேன். ரயில் நிலையமும் அதற்கு எதிரே இருக்கும் நகர மண்டபமும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக் வடிவமைத்தவை. மண்டபம் 1916இலும் நிலையம் 1917இலும் கட்டி முடிந்தன. தலைநகர் கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு இடிஎஸ் என்னும் மின்சார ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். இறங்கிச் சாலையைக் கடந்தால் மண்டபம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஊருக்குப் பெயர் கொடுத்த ஈப்போ மரமும் நிலையத்தின் முன்னாலேயே நிற்கிறது. குழுப் படத்துக்கு வேறு இடம் தேட வேண்டாம்.

பத்து காஜா பக்கம் உள்ள கெல்லி மாளிகையில் விருந்து வைக்கலாமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். ஸ்காட்லாந்து தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் இறந்து போனதால் பாதியில் நின்ற மாளிகை அது. மதராஸ் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் ஆட்கள் அங்கே வேலை செய்தார்கள். காய்ச்சல் பரவிப் பலர் இறந்தபோது கோயில் வேண்டும் என்று கேட்டு, பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் எழும்பியது. அந்த இடத்தில் டிஜே வைத்து ஆட்டம் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. காலையில் அழைத்துப்போய், கோயிலையும் சேர்த்துக் காட்டிவிட்டு, மதியம் ஈப்போவில் கூட்டத்தைத் தொடங்குங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்திருக்க வேண்டிய இடம். தவிர, சாயங்கால மழைக்குப் பெயர்போன வட்டாரம். திறந்த வெளியை நம்பி விருந்து வைக்க முடியாது.

கோலாலம்பூர்தான் என்று நிர்வாகம் சொன்னால், விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள மண்டபத்தைப் பாருங்கள். பார்வைக்குப் பகட்டு கிடையாது. ஆனால் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், 1960இல், எங்கள் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடம் அது. பால் மரம் சீவியவர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கிய சங்கம். தோட்டத்துறையில் வேலை செய்கிறவர்கள் ஒன்றுகூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான கூரை தலைநகரில் எனக்குத் தெரியவில்லை. இளைய ஊழியர்கள் அதிகம் என்றால் ஜாலான் சுல்தானில் இருக்கும் ரெக்ஸ்கேஎல் இன்னொரு வழி. பழைய ரெக்ஸ் தியேட்டரை 2019இல் கலை நிகழ்ச்சிகளுக்கான இடமாக மாற்றினார்கள். ஆயிரக்கணக்கானோர் வரும் மாநாடு என்றால் மட்டும் கேஎல்சிசி மாநாட்டு மையம் பக்கம் போங்கள்.

இடம் பிடித்துவிட்டதா? சரி, முன்பணம் கட்டுவதற்கு முன் கூட்டம் நடக்கப்போகும் அதே நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள். 200 பேர் கொள்ளும் என்று தாளில் எழுதியிருப்பது வெறும் நாற்காலி வரிசைக்கு. மேசை போட்டு எழுத இடம் கொடுத்தால் ஏறக்குறைய பாதியாகிவிடும், மேடைக்கும் கொஞ்சம் போய்விடும். பழைய கட்டடங்களில் தூண் மறைக்கும், உயரக் கூரையில் பேச்சு எதிரொலிக்கும். ஒருவரை மைக்கில் பேசவைத்துவிட்டு நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஒலிபெருக்கி, விளக்கு, ஏர்கான் எல்லாம் ஒன்றாக ஓடினால் மின்சாரம் தாங்குமா என்று அங்குள்ள மின் பணியாளரிடமே கேட்டுவிடுங்கள். விற்பனைப் பிரிவில் எல்லாவற்றுக்கும் தாங்கும் என்றுதான் சொல்வார்கள். முட்டி வலியுள்ள பெரியவர் மாடி ஏற மின்தூக்கி இருக்கிறதா, கழிவறை எவ்வளவு தூரம், தொழுகை அறை உண்டா என்பதும் முக்கியம். வெள்ளிக்கிழமையாக இருந்தால் மதியம் தொழுகைக்கு நேரம் விட்டு நிகழ்ச்சி நிரல் போடுங்கள்.

சாப்பாட்டில் கவனமாக இருங்கள். ஹலால் சான்றிதழ் உள்ள சமையலறையா என்று கேட்பதோடு, சைவத்துக்குத் தனி மேசையும் தனிக் கரண்டியும் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். புரட்டாசி மாதம் என்றால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் சைவம். அப்போது ஒரு மூலையில் இரண்டு தட்டு வைத்தால் போதாது. வெளிச் சமையல்காரரை விடுவார்களா என்றும் கேளுங்கள். பழைய மாளிகைகள் பலவற்றில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள்.

விலையில் ‘பிளஸ் பிளஸ்’ என்று போட்டிருந்தால், வழக்கமாகப் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் அரசாங்க வரியும் ஏறும். தலைக்கு எவ்வளவு என்பதை அந்த முழுத் தொகையில் கேட்டு வாங்குங்கள். முந்தைய நாள் மாலை அலங்காரத்துக்கு மண்டபம் திறந்துவிடுவார்களா, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அப்புறம், தோட்டத்திலிருந்து வருகிறவர்களின் பஸ் இரவு பத்துக்குள் கிளம்பும்படி விருந்தை ஏழுக்கே தொடங்கிவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டியவர்கள் அவர்கள்.